கமலாக்ஷியின் கம்ப்யூட்டர்

செத்துப் பதினைந்து வருஷமான கம்ப்யூட்டரை என் லேப்டாப்பின் வயிற்றுக்குள் எழுப்பி உட்கார வைத்தேன். அது எழுந்த வேகத்தில் மட்டாஞ்சேரி முழுக்க விளக்கு மங்கியது. படகுத்துறையில் நின்ற போட்டு தானாகவே ஹாரன் அடித்தது.

"இன்னிக்கு போட்டே ஓடலை அப்பா," என்றான் ஆலுவாவிலிருந்து வந்திருந்த மகன் சங்கர்ராம்.

வித்தை புதிதல்ல. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றைக் குடிவைப்பதை, அறையை அடைக்கும் ராட்சத இயந்திரங்களில் அறுபதுகளிலேயே செய்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் முடிவில் அது மேஜைக்கு இறங்கியது. பிறகு இலவசமாகவும் கிடைத்தது. உள்ளே குடியிருப்பதற்குத் தான் குடித்தனக்காரன் என்றே தெரியாது, மொத்த வீடும் தனது என்று நினைத்துக்கொள்ளும். யோசனை என்னுடையது என்று இந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பரப்பியவன் நான்தான்.

எழுப்பியது என் மனைவி கமலாக்ஷிக்காக. உயிரோடிருந்தவரை அதில்தான் பழைய தமிழ் எழுத்துருவில் தினமும் டைரி அடித்து வைத்தாள். புதிய கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் கோணல் குறிகள்.

"அம்மாவை எனக்குப் போன் விளிக்கவே விடலை நீங்க." அவள் போன நாளிலிருந்து சங்கர்ராம் சொல்வது இதுதான். அவள் சீக்கு முற்றியதை நானே அவனுக்குப் போனில் சொன்னேன். நம்பவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த வருஷம் ஒரு ஜலதோஷத்துக்கே நான் போனில் இரண்டு முறை செத்திருந்தேன்.

டைரி திறந்தது. எழுத்து முத்து முத்தாக வந்தது.

"வாசிடா," என்றேன்.

அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது, பள்ளிக்கூடத்தில் மலையாளம். நானே வாசித்தேன்: "'சங்கர்ராமைக் கூப்பிட்டேன். என் கண்ணீரில் நனைந்து போனே ஷாக் அடித்தது...'"

"நிறுத்துங்கோ! இது உங்க சரக்கு. அம்மா இப்படி எழுதமாட்டா."

பிடிபட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி வாசித்தேன்.

"'டாக்டர் சொன்னதைச் சொல்ல சங்கர்ராமைக் கூப்பிட்டேன். ஸ்டேஷன்ல இருக்கேன், ரயில் வந்துடுத்து, அப்பறம் விளிக்கறேன் என்றான். பின்னால் ரயில் சத்தம் இல்லை. குக்கர் விசில் கேட்டது. நாளைக்கு மருந்து வாங்கணும்.'"

தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த வரியையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தனை சின்னதா உங்களுக்குச் சொல்ல வராது," என்றான் கடைசியில். "விளிச்சா அப்பா. நான் ஆத்துலதான் இருந்தேன்."