மூன்று முறை கூப்பிடுவார்கள்

1

இந்தக் கதை என் கழுத்து வலியிலிருந்து தோன்றியது. இதைவிட உயர்ந்த பிறப்பிடம் ஒன்றைச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நடந்தது இதுதான். மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், தலையை இடப்பக்கம் திருப்ப முடியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது, வலப்பக்கம் இருந்த ஒருவர் தமக்குரியதல்லாத ஒரு பெயருக்கு எழுந்து நின்றார். அவர் இடப்பக்கம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கண்டது அவ்வளவே. பிறகு ஒரு குரலைக் கேட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். மற்றவை என் சேர்க்கை.

2

முதல் தொடக்கம்: ‘காத்திருப்புக் கூடத்தில் கூட்டம் அலைமோதியது.’ (நீக்கினேன். இருந்தவர்கள் ஒரு டஜன்கூட இல்லை. அவர்களால் அலைமோத இயலாது.)

இரண்டாம் தொடக்கம்: ‘அவள் பிறந்தபோது எல்லோரும் அவளை ஆண் என்றே—’ (நிறுத்தினேன். பதினாறு வயதுப் பெண்ணை அறிமுகப்படுத்தப் பிரசவ அறைவரை போக வேண்டியதில்லை. வேறெவரையும் நான் அப்படி அறிமுகப்படுத்தியதில்லை.)

மூன்றாவது நிற்கும் என்று தோன்றுகிறது:

அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மகள் பள்ளியில் படிக்கிறாள், திருநங்கை. அவளைப் போன்ற பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவர் வெளியூரிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறார். இன்றைய சந்திப்பு கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கூடத்தின் விதி எளியது: நர்ஸ் பெயரை மூன்று முறை கூப்பிடுவார், எழாவிட்டால் அடுத்தவர்.

கூப்பிடப்போவது பழைய பெயர், ஆண்பெயர். அதற்கு அவள் எழுந்தால் கூடமே நிமிர்ந்து பார்க்கும். எழாவிட்டால் இன்னோர் ஆண்டு.

(‘முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே’ என்பீர்கள். சொன்னார்கள். “கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதத்தான் கூப்பிடுவாங்க” என்று கவுன்டரில் பதில் வந்தது.)

அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. புதிய பெயரையும் எழுத மாட்டேன். அதற்குக் காரணம் வேறு.

3

அப்பாவைப் பற்றி எனக்கு ஐயம் இருந்தது. முதல் வரைவில் அவர் மிக நல்லவர், நம்பும்படி இல்லை. இரண்டாவதில் கொடுமைக்காரர்; கொடுமைக்காரர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார மாட்டார். இப்போதுள்ளவர் இப்படி: மகளுக்காக யாரிடமும் சண்டைக்குப் போவார், ஆனால் அவள் தனக்கென்று தேர்ந்துகொண்ட பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அம்மா முதல் வாரத்திலேயே பழகிவிட்டாள். அப்பா பழையதை விட்டார், புதியதை எடுக்கவில்லை. நடுவே ‘கண்ணு’ என்ற சொல்லில் தங்கிவிட்டார்.

“கண்ணு, தண்ணி வேணுமா?”

“வேணாம்ப்பா. குடிச்சா பாத்ரூம் போகணும்.”

“போய்ட்டு வாயேன்.”

“எந்தப் பாத்ரூமுக்கு?”

அப்பா பாட்டிலை மூடினார்.

“அந்தப் பேரைச் சொன்னா நான் எந்திரிக்க மாட்டேன்ப்பா.”

“ஒரு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்க. உள்ள போய்ட்டா முடிஞ்சுது.”

“நீங்க கடிச்சுப் பாருங்க.”

4

[ஓர் அடிக்குறிப்பு, அடிக்கு இறங்க மறுத்து இங்கேயே நிற்கிறது: லிஃப்ட் குழிக்குள் ஒருவர் வேலை செய்யும்போது, மேலே நிற்பவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கீழே இருப்பவர் ‘இருக்கேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். பதில் வராமல் லிஃப்டை நகர்த்தக் கூடாது. இந்த விதியோடே வாழ்ந்து வயதானவரால், ஒரு பெயர் பதிலின்றிக் கிடப்பதைப் பொறுக்க முடியாது.]

நர்ஸ் கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டார். மகள் தரையைப் பார்த்தாள்.

இரண்டாம் முறை. மகள் பையின் வாரை இறுகப் பிடித்தாள்.

மூன்றாம் முறை, பெயர் முடிவதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

“இருக்கேன்.”

குழியின் அடியிலிருந்து மேல்தளத்துக்கு எட்ட வேண்டிய குரல் அது. கூடமே திரும்பியது. அவரை மட்டுமே பார்த்தது. நான் கண்டது இந்த இடம்.

5

உள்ளே, நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்காமலே எடை பார்த்தார். கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார்.

“வயசு பதினாறுன்னு வருது?”

“வெயில்ல அலையிற வேலைம்மா. கொஞ்சம் முத்திப்போச்சு.”

நர்ஸ் நிமிர்ந்தார். “என்ன சார், விளையாடுறீங்களா?”

“இல்லம்மா. பேரைக் கேட்டதும் வாய் தன்னால குரல் குடுத்துருச்சு. வரவேண்டியது என் பொண்ணு. வெளிய உக்காந்திருக்கா. நீங்க கூப்பிட்டது இப்ப அவ பேரு இல்ல.”

“இதுல வர்றதத்தான் நாங்க கூப்பிடுறோம்.”

“தெரியும்மா. உங்களக் குத்தம் சொல்லல.”

நர்ஸ் பட்டையைக் கழற்றினார். “உங்களுக்கு பிரஷர் ஏறிக் கெடக்கு. அதையும் ஒருநாள் வந்து பாருங்க. சரி, என்ன பேரு சொல்லிக் கூப்பிடணும்? சொல்லுங்க, நானே கூப்பிடுறேன்.”

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். ‘அவர் கண்கள் கல—’ (இல்லை, கலங்கவில்லை.) தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நீங்க இருங்கம்மா. நான் கூப்பிடுறேன்.”

6

மருத்துவர் என்ன சொல்வார் என்பதைப் பலவாறு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சிகிச்சை அன்றே தொடங்கியது. மருத்துவம் அவ்வளவு விரைந்து ஓடாது. இன்னொன்றில் மகளிடம் நெடுநேரம் பேசினார். சோதனைகள் எழுதிக்கொடுத்து அடுத்த மாதம் வரச் சொன்னார். நடக்கக்கூடியதுதான். மற்றொன்றில், இந்தப் பிரிவை மூடப்போகிறார்கள், வேறிடம் பாருங்கள் என்றார். அதுவும் நடக்கக்கூடியதுதான். மூன்றையும் அடித்துவிட்டேன். சிகிச்சை என்பது மருத்துவரின் அறைக்குள்தான் இருக்கிறது என்று எண்ணித் தொடங்கியது என் பிழை. அறைக்குப் போகும் அந்தப் பத்தடி தூரமும் சிகிச்சையைச் சேர்ந்ததே.

எனவே கதை கதவருகே நிற்கிறது. அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, குழியின் மேலே நின்று கூப்பிடும் அதே குரலில், மகளின் பெயரைக் கூப்பிட்டார்.

(அப்போது பக்கத்து அறையில் ஒருவர் என் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தார். ஓர் ஆணின் குரல் கேட்டது. ஒரு பெண்பெயர் என்பது மட்டும் புரிந்தது. சரியாகக் கேளாததை எழுதுவதில்லை.)

கடைசி வரிசையில் அவள் தலையை உயர்த்துகிறாள். கூடத்தில் எல்லாத் தலைகளும் திரும்பத் தொடங்குகின்றன. உங்களுக்குக் கழுத்து வலி இல்லை. நீங்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். எப்படிப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

பதில் வராமல் நகர்த்தக் கூடாது என்பது அவருடைய விதி. நானும் கதையை நகர்த்தவில்லை.