மூன்றாவது கோடு

எங்கள் மருத்துவமனைப் பெரிய டாக்டரைப் பொறுத்தவரை மனிதர்கள் ஒரே விதமாகத்தான் சாவார்கள். இறப்புப் படிவத்தின் முதல் கோட்டில் 'இதயம் நின்றது' என்று எழுதுவார். 'அதற்குக் காரணம்' என்று கேட்கும் அடுத்த இரண்டு கோடுகளையும் வெறுமையாக விட்டு, கையெழுத்தை மட்டும் மயில் தோகை போல விரிப்பார்.

இருபத்தாறு வயதுப் பையன் ஒருவன் போதை மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கி இறந்தபோதும் அதே இதயம்தான் நின்றது. ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டரின் மேஜைக்குள் தூங்கியது.

பையனின் அம்மா பதிவு அறைக்கு வந்து, உள்ளதை எழுதச் சொன்னாள். சின்ன மகனும் அதே மாத்திரையைத்தான் விழுங்குகிறான். அதை முறிக்கும் ஊசி எங்கள் ஆம்புலன்சில் கிடையாது. அப்படி ஒரு சாவு பதிவில் ஏறினால்தான் மேலிடம் ஊசி அனுப்பும். எங்கள் வட்டாரத்திலோ ஐந்து வருடமாகப் போதைச் சாவு பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்கு டாக்டர் வாங்கிய கேடயம் வாசலில் மின்னுகிறது.

பதிவு எழுத்தர் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கோடு காலியாக இருந்தால் பதிய முடியாது என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது கோட்டில் 'மூச்சு நின்றது' என்று எழுதி வந்தது. மறுபடியும் அனுப்பினார். மூன்றாவது கோட்டில் 'இதயம் நின்றது' என்று வந்தது. அத்தனை வருடப் படிப்பும் செக்குமாடு போல ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது.

இந்த முறை எழுத்தர் படிவத்தோடு அம்மாவையும் அழைத்துப் போனார். டாக்டர் குரலில் தேனைக் குழைத்து, எல்லாம் உங்கள் குடும்ப மானத்துக்காகத்தான் என்றார்.

"எங்க மானத்தை நாங்க பாத்துக்கறோம் டாக்டரய்யா. உங்க கேடயத்தை நீங்க பாத்துக்கறீங்க. என் சின்னவனை யாரு பாப்பா?"

எழுத்தர் புதுப் படிவம் ஒன்றை மேஜையில் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"ரத்த ரிப்போர்ட்டைக் கையெழுத்துப் போட்டு வாங்கினது நான்தான் சார். அதுல இருக்கறதை எழுதுங்க. இல்லேன்னா பழசையே மேல அனுப்பிடறேன். இதயம் நின்னதால மூச்சு நின்னுச்சு, மூச்சு நின்னதால இதயம் நின்னுச்சு. படிச்சிட்டுச் சிரிக்கட்டும்."

பாவத்துக்கு அஞ்சாதவர் சிரிப்புக்கு அஞ்சினார். மூன்றாவது கோட்டில், எறும்பு ஊர்ந்தது போலச் சின்னதாக, உண்மையை எழுதினார். எழுத்தர் அதைப் பதிவேட்டில் கொட்டை எழுத்தில் ஏற்றினார்.

ஒன்றரை மாதத்தில் ஊசிப் பெட்டி வந்தது. டாக்டர் அதைக் கட்டிப் பிடித்துப் படம் எடுத்து, கேடயத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டார்.

முதல் ஊசி அந்தச் சின்ன மகனுக்கே தேவைப்பட்டது. கண் திறந்தான். மூச்சு திரும்பியதை எழுத எந்தப் படிவத்திலும் கோடு இல்லை. கடவுள் எங்கேயாவது குறித்து வைத்திருப்பார், எழுத்தர் எழுந்து கொடுத்த அந்த நாற்காலியையும் சேர்த்து.