ஒரு சொட்டு இல்லாமல்

தெருவில் அவருக்குப் பெயர் டாக்டர். டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு அந்தப் பட்டம் சும்மா வந்துவிடவில்லை. எப்போது பார்த்தாலும் தன் பழைய காருக்கு அடியில் படுத்து ஆபரேஷன் செய்துகொண்டிருப்பார். “என்ன டாக்டர், பேஷண்ட் பிழைக்குமா?” என்று போகிறவர் வருகிறவரெல்லாம் வம்புக்கு இழுப்பார்கள்.

வினை தொடங்கியது மைத்துனி வீட்டில். மனைவியோடு அங்கே போய் இறங்கியபோது, புத்தம்புது வாசல் டைல்ஸில் கார் எண்ணெய் சொட்டிக் கறை பிடித்துவிட்டது. “மாமா, உங்க காரு எங்க வீட்டுல கையெழுத்துப் போட்டுடுச்சு” என்று மைத்துனி சிரித்தாள். மனிதருக்குச் சுருக்கென்றது. ஒழுகலை நிறுத்திவிட்டுத்தான் இனி அந்த வாசலை மிதிப்பேன் என்று வீம்பு பிடித்தார்.

இன்ஜின் கேஸ்கெட்டை மாற்றினார், ஆயில் சீல்களை மாற்றினார். ஒழுகல் நின்றபாடில்லை.

“ஒழுகினா ஒழுகட்டுங்க. அடியில ஒரு அட்டையப் போட்டுக்கலாம். எனக்குத் தங்கச்சியப் பாக்கணும் போல இருக்கு” என்று மனைவி கெஞ்சினாள். பஸ்ஸில் போகச் சொன்னால், “நீங்க இல்லாம போனா நமக்குள்ள சண்டைன்னு நினைச்சுக்குவா” என்பாள்.

தினமும் கார் நிற்கும் தரையைத் துடைப்பவள் அவள்தான். “பின்னாடி ஒரு பைப்லேருந்துதாங்க சொட்டுது” என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

“உனக்கென்ன தெரியும்? போய் வேலையப் பாரு.”

போய்விட்டாள். சில நாள் கழித்து, “இனிமே சொட்டாது பாருங்க” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்துதான் இன்ஜினில் கண்ட இடத்திலெல்லாம் எண்ணெய் கசியத் தொடங்கியது. அவள் முகம் விழுந்துவிட்டது. அவர் எங்கே அதைப் பார்த்தார்? அவருக்கு இன்ஜினைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்தார். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடியபின், காரை ஒரு மெக்கானிக்கிடம் விட்டார். மெக்கானிக் அடியில் படுத்து, பின்பக்கத்துப் பைப் ஒன்றிலிருந்து எதையோ இழுத்தெடுத்தார். எண்ணெயில் ஊறிக் கறுத்த துணிப்பந்து.

“இன்ஜின் மூச்சு விடுற பைப் சார் இது. இதை அடைச்சா உள்ள பிரஷர் ஏறி, எண்ணெய் கிடைச்ச சந்துல எல்லாம் வெளிய வரும். பழைய வண்டிக்கு இதுல ரெண்டு சொட்டு சகஜம். ஒரு டப்பாவக் கட்டி விட்டாப் போதும். எவன் சார் இப்படி அடைச்சான்?”

டாக்டர் துணியை வாங்கி விரித்தார். மடிப்புக்குள் கொஞ்சம் நிறம் மிச்சமிருந்தது. பூப்போட்ட அவளுடைய நைட்டி. “ஏன்டி, சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவள் சொன்னாளே! பைப் என்று சொல்லத்தானே செய்தாள்! மெக்கானிக் பக்கத்தில் இருப்பதையும் பாராமல் வாய்விட்டு அழுதார்.

மறுநாள், டப்பா கட்டிய காரை மைத்துனி வீட்டு வாசலில் நிறுத்தினார். பக்கத்து சீட் காலியாக இருந்தது. மைத்துனி ஓடி வந்தாள்.

“அடியில பாரும்மா. ஒரு சொட்டு இல்ல.”

அவள் குனியவில்லை. வாசலோரம் பூந்தொட்டி ஒன்றை நகர்த்தினாள். அடியில் அந்தப் பழைய கறை.

“அடுத்த தடவ அக்கா வந்தா கிண்டல் பண்ணலாம்னு தேய்க்காமலே வெச்சிருந்தேன் மாமா” என்றாள்.