முனுசாமி காட்டிய கை

1

இந்தக் கதை, எடுத்து வரக் கூடாத இடத்திலிருந்து எடுத்து வந்தது. மீஞ்சூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் குடியை விட வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். இங்கே கேட்டதை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் பெயர், ஆலை, அடிபட்ட உறுப்பு எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஒரு கையை மட்டும் மாற்றவில்லை. அதை மாற்றினால் கதையே இல்லை.

முதலில் எழுதிய வரி: உலையின் நெருப்பு அவன் நெஞ்சுக்குள்ளும்…

(அடித்தாயிற்று. உலைப்பக்கம் வேலை செய்தவனுக்கு நெருப்பு உவமை கிடையாது. அவனுக்கு அது வெறும் வேர்க்குரு.)

2

ஆசீர்வாதத்துக்கு நாற்பத்தாறு வயது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் கிரேன் ஓட்டுகிறவன். முப்பதடி உயரத்தில் கேபின். கீழே நிற்கிறவன் கையால் சைகை காட்டுவான். மேலே இருப்பவன் அதைப் பார்த்துக் கம்பிக் கட்டுகளை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், நிறுத்த வேண்டும்.

கூட்டத்தின் நம்பரைக் கண்டுபிடித்தவள் மனைவி ஏஞ்சலின். மின்ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து எழுதிவந்து, அவன் சாப்பாட்டு டப்பா மூடிக்குள் ஒட்டிவைத்தாள். நான்கு நாள் அதைப் பார்க்காத மாதிரியே சாப்பிட்டான். ஐந்தாம் நாள் நம்பர் மட்டும் இருந்தது. சோறு இல்லை.

போனில் கத்தினான். "இன்னாடி இது? சோறு எங்க?"

"அந்த நம்பருக்குப் பேசு. நாளைக்குப் போடறேன்."

பேசினான். எடுத்தவர் நிதானமானவர். "கும்மிடிப்பூண்டிலயே மீட்டிங் இருக்குதேப்பா."

"அங்க வேணாம் சார். எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி."

"அப்போ மீஞ்சூர் வா."

3

மீஞ்சூரில் இறங்கி வழி கேட்டான். "ஒயின் ஷாப் தெரியும்ல? அதுக்கு எதிர் சந்து" என்றார் டீக்கடைக்காரர். தெரியும். அதைக் கடந்து சந்துக்குள் நுழையக் கால் மணி நேரம் ஆனது.

(அந்தக் கால் மணி நேரத்தை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு இருபது பக்கமும் பத்தாது.)

வகுப்பறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவன் திரும்பினான். முனுசாமி. பழைய கூட்டாளி.

"இன்னாணா, நீயும் இங்கியா! தெரிஞ்ச மூஞ்சி இருக்காதுன்னுதானே ரயில் ஏறின? இங்க பாதிப் பேரு அதுக்குத்தான் வந்துகிறாங்க. மீஞ்சூர்க்காரன்லாம் உங்க ஊருக்குப் போய்க்கினுகிறான்!"

வட்டமே சிரித்தது. ஆசீர்வாதம் சிரிக்கவில்லை.

4

ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

கேபினுக்குக் கீழே நின்று அவனுக்குச் சைகை காட்டியவன் இந்த முனுசாமிதான். ஒன்றரை வருஷத்துக்கு முன், ஒரு காலை ஷிப்டில், கம்பிக் கட்டு ரகு என்ற தொழிலாளியின் பாதத்தில் இறங்கியது. மூன்று விரல்கள் போயின. முனுசாமி வாயில் வாடை அடித்தது. சைகை தப்பு என்று எழுதி அவனை வெளியே அனுப்பினார்கள்.

மேலே இருந்தவன் வாயை யாரும் மோந்து பார்க்கவில்லை. அவன் பாக்கை மென்று முடித்துவிட்டுத்தான் ஏணியில் இறங்கினான்.

சைகை சரியாகத்தான் இருந்தது. விரித்த உள்ளங்கை. நிறுத்து என்று அர்த்தம். ஆசீர்வாதம் அதைப் பார்த்தான். அவனுடைய கைதான் நேரத்துக்கு நகரவில்லை.

5

முதலில் முனுசாமி பேசினான்.

"என் பேரு முனுசாமி. நான் ஒரு குடிநோயாளி. அன்னிக்குக் கைய எப்படிக் காட்டினேன்னே எனக்கு ஞாபகம் இல்ல. ரகு கால் விரலு போனது என்னாலதான். காலைல எழுந்ததும் அந்தக் கால நினைச்சுக்குவேன். இன்னிக்கு வேணாம்னு தோணும். அப்படியே குடிக்காம பதினோரு மாசம் ஓடிச்சு."

எனக்குப் பேனா நின்றது இங்கேதான். அதுவரை ஆசீர்வாதத்தை அயோக்கியனாக எழுதிக்கொண்டு வந்தேன். வேலை போய்விடும் என்று வாயை மூடியவன்தானே? இப்போது அவன் வேறொன்றுக்குப் பயப்படுகிறான். முனுசாமி பிடித்துக்கொண்டு நிற்பதே அந்தப் பழியைத்தான். அதை உருவிவிட்டால் விழுந்துவிடுவானோ? இது அக்கறையா, சாக்கா என்று எழுதுகிற எனக்கே பிடிபடவில்லை.

6

ஒரு முடிவில் ஆசீர்வாதம் உண்மையைச் சொல்கிறான், முனுசாமி கட்டிப்பிடிக்கிறான், வட்டமே கை…

(வேண்டாம். ஒன்றரை வருஷம் ஒருவன் சுமந்ததை ஒரு கட்டிப்பிடியில் இறக்கிவைக்க முடியாது.)

இன்னொன்றில், கேட்ட முனுசாமி எழுந்து சந்துக்கு எதிரே இருக்கும் ஒயின் ஷாப்புக்கு நடக்கிறான். அதையும் தொடர முடியவில்லை. சொல்லாமலே இருவரும் பத்து வருஷம் குடிக்காமல் இருக்கும் முடிவும் உண்டு. அதில் ஞாயிறுதோறும் முனுசாமி ஊற்றித் தரும் டீயை இவன் வாங்கிக் குடிக்க வேண்டும். அது எப்படித் தொண்டையில் இறங்கும்?

7

முறை வந்தது. எழுந்தான்.

"என் பேரு ஆசீர்வாதம்."

"வணக்கம் ஆசீர்வாதம்" என்றது வட்டம்.

"அன்னிக்கு… நான் கேபின்ல…"

பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்த முனுசாமி கையைத் தூக்கினான். விரித்த உள்ளங்கை.

"மெதுவாணா. எல்லாத்தையும் இன்னிக்கே சொல்லணும்னு இல்ல. உக்காரு."

இந்தத் தடவை ஆசீர்வாதத்துக்குப் போதை இல்லை. சைகையை நேராகப் பார்த்தான். பார்த்துவிட்டு…

பேச்சை நிறுத்தினானா, இறக்கினானா என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தவன்தான். ஆனால் விதியை இதுவரை மீறியதே போதும். மிச்சத்தை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இனி கேபினில் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். முனுசாமி இன்னும் கையை இறக்கவில்லை.