தட்டைக் கல்

அய்யாவு சண்டைக்குத் தயாராகத்தான் பெங்களூரில் இருந்த அந்த ஜல்லி சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தான். ஆனேக்கல் பக்கத்துக் கல்குவாரியில் கல் உடைக்கும் கிரஷர் மெஷின் ஓட்டுகிறவன். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் பரப்ப அவர்கள் அனுப்பிய ஜல்லி இரண்டாவது முறையும் திரும்பி வந்திருந்தது. மூன்றாவதும் திரும்பினால் குவாரியை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அவனோடு சேர்த்து இருபத்தாறு பேருக்கு வேலை போகும்.

"சுத்தியால அடிச்சுப் பாருங்க மேடம், ஒடையாது! அப்புறம் இன்னாத்துக்கு ரிஜெக்ட்?"

சோதனை செய்யும் சிந்து அதே ஊரில் தொம்மலூர்க்காரி. அவள் முகம் மாறவில்லை.

"கல்லு நல்ல கல்லுதான் அண்ணா. வடிவந்தான் சரியில்ல. மத்தியானம் வரைக்கும் இருங்க, காட்டறேன்."

அவன் கொண்டுவந்த மூட்டைகளில் ஒன்றைத் தார்ப்பாயில் கொட்டி, இருவரும் உட்கார்ந்து பொறுக்கினார்கள். அப்பளம்போல் தட்டையானவற்றை ஒதுக்கிவிட்டு, முனை முனையாகக் கட்டியாக இருந்தவற்றை மட்டும் ஓர் இரும்புப் பெட்டியில் நிரப்பினாள் சிந்து. இன்னொரு மூட்டையைப் பொறுக்காமல் அப்படியே அடுத்த பெட்டியில் கொட்டினாள். ரயில் ஓடுவதுபோல் மெஷின் இரண்டையும் ஆயிரக்கணக்கான தடவை அமுக்கி அமுக்கி எடுத்தது.

பொறுக்கிய ஜல்லி ஏழு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பொறுக்காதது பத்தொன்பது.

"முனை இருந்தா ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். தட்டக்கல்லு வழுக்கிடும். பாரம் ஏறினா நடுவுல முறிஞ்சிடும், பாருங்க."

முறிந்த கல் ஒன்றைக் கையில் எடுத்து அய்யாவு வெகுநேரம் பார்த்தான்.

"கல்லு கொண்டார லாரி லேட்டா வருதுன்னு கிரஷரை அரைகுறையாத்தான் நிரப்பி ஓட்டினேன். அப்படி ஓட்டினா இப்படித்தான் விழும்னு எனக்குத் தெரியும். தட்டையா இருந்தா இன்னா போச்சுன்னு விட்டுட்டேன். தப்பு என்னுதுதான் மேடம்."

அதையே முதலாளியிடமும் போய்ச் சொன்னான். திட்டு விழுந்தது, வாங்கிக்கொண்டான். கிரஷரில் கல்லைக் கடித்து உடைக்கும் தாடைத் தகடுகள் தேய்ந்துபோயிருந்தன, அவற்றை மாற்றினார்கள். வாய் நிறையக் கல் சேராமல் கிரஷரை முடுக்க அவன் விடவில்லை.

பத்து நாள் கழித்துப் புது ஜல்லியோடு அவனே வந்தான். மெஷின் நின்றதும் சிந்து அளந்தாள்.

"எட்டு மில்லிமீட்டர். பாஸ் அண்ணா!"

அய்யாவு குவாரிக்கு போன் போட்டான். "பாஸ் ஆய்த்து!" என்று கன்னடத்தில் கத்தினான். மறுமுனையில் எழுந்த கூச்சலில் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிந்துவுக்கும் அது கேட்டது.