உங்களுக்குத்தாங்க வாடா

சுகிர்தாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே தெரியும். ஆனால் ஜெகபர் சாதிக்கின் பலகாரக் கடைக்குள் மட்டும் அது அவளோடு வராது. அதனால்தான், பெண்ணைத் தனியாகப் பார்த்துப் பேசவேண்டும் என்று அவள் காதலிக்கும் எழிலனின் அப்பா கோபிச்செட்டிபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்தபோது, சுரக்குடியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிடாமல் தலத்தெருவில் இருக்கும் அந்தக் கடைக்கே வரச் சொன்னாள். எழிலனும் அவளும் கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் ஒரே ஆபீஸ். இரண்டு வருடமாக வேலை முடிந்ததும் அந்தக் கடையின் ஜன்னலோர மேஜைதான்.

"அப்பா நல்லவருதான்," என்று எழிலன் முந்தின நாளே சொல்லியிருந்தான். "மரியாதை கொறைஞ்சா மட்டும் எந்திரிச்சுப் போயிருவாரு. எங்க வீட்ல பொறந்த கொழந்தையக்கூட வாங்க போங்கன்னுதான் பேசுவோம். அவரு வேண்டாம்னுட்டா என்னால மீற முடியாது சுகி."

"நீ கம்முன்னு ஆபீஸ்ல இருடா. நான் பாத்துக்குறேன்," என்றாள் சுகிர்தா.

எழிலனின் அப்பா சென்னியப்பன் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் வந்தார். செருப்புச் சத்தம்கூட யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாது என்று நடக்கிற மனுஷர். வாசற்படியில் ஒரு கால் வைத்தார். அந்த நேரம் பார்த்துத்தானா சட்டியிலிருந்து புது ஈடு இறங்கவேண்டும்! ஜெகபர் சாதிக் தன் வழக்கப்படி வாசலைப் பார்த்து முழங்கினார்.

"வாடா! வாடா! சூடா!"

வைத்த கால் அப்படியே நின்றது. "ஏனுங்க, யாரைச் சொன்னீங்க?"

எண்ணெய் இரைச்சலில் ஜெகபருக்குப் பாதிதான் கேட்டது. வாய்கொள்ளாமல் சிரித்தார். "உங்களுக்குத்தாங்க வாடா!"

போச்சு! சென்னியப்பனுக்குக் காதுமடல் சிவந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். வேறு பெண்ணாக இருந்தால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பாள். சுகிர்தாவோ ஜெகபர் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு நேராக வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, இதுதான் வாடா. இந்தப் பலகாரத்தோட பேரே அதுதாங்க."

அரிசிமாவுக்குள் தேங்காயும் வெங்காயமும் வைத்து, மேலே ஒரு இறாலைப் பதித்துப் பொரித்திருந்தது. அவர் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேற பேரே கெடைக்கலீங்களா?"

"பேருலதாங்க டா. ருசியெல்லாம் வாங்க போங்கதான். ஒரு வாய் சாப்புட்டுப் பாருங்க."

உட்கார்ந்தார். ஒன்றைத் தின்றார். எதுவும் சொல்லாமல் இரண்டாவதை எடுத்தார். ஜெயித்துவிட்டோம் என்று சுகிர்தா நினைத்த நேரத்தில் கேட்டார்.

"எம் பையனை என்னன்னு கூப்புடுவீங்க?"

இதுதானே கேட்க வந்தது! ஒரே ஒரு பொய் சொன்னால் கல்யாணம் முடிந்த மாதிரி. ஆனால் நாளைக்கு உடையப்போகிற குட்டு இன்றைக்கே உடையட்டுமே என்று தோன்றியது அவளுக்கு.

"டான்னுதாங்க. இனிமேயும் அப்படித்தான். எனக்குக் கோவம் வந்தாத்தான் வாங்க போங்கன்னு வரும். அன்னிக்கு அவருதான் பயந்துக்கணும்."

சென்னியப்பன் மெல்லுவதை நிறுத்தினார்.

"முப்பது வருசமா எங்க வீட்ல யாரு கோவமா இருக்கறாங்கன்னே கண்டுபுடிக்க முடியலீங்க," என்றார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "எழிலு, எங்க இருக்கறீங்க?"

"ஆபீஸ்லதானுங்கப்பா."

தொண்டையைச் செருமினார். பெற்ற பிள்ளையிடம் ஒருநாளும் சொல்லாத சொல். சட்டென்று வருவேனா என்றது.

"வாடா," என்றார்.

அந்தப் பக்கம் எழிலன் மெதுவாக, "அப்பா... கோவமா இருக்கறீங்களா?"

அந்தக் கடைக்குள் முதல் தடவையாகப் பயமும் சுகிர்தாவோடு வந்து உட்கார்ந்தது.

"இல்லடா," என்ற சென்னியப்பன், போனைக் காதிலிருந்து எடுக்காமலே சட்டிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏனுங்க, எம் மருமவளுக்கு ரெண்டு வாடா வையுங்க!"