வாலைப் பிடித்துத் தூக்கிய மீன்

மீன்பிடிக் கழகத்தின் கூட்டக் குறிப்பு எழுதும்போது யார் யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிட்டுத்தான் ஆர்டிஸ் மேற்கொண்டு போவாள். அன்றும் அப்படித்தான் எழுதினாள். மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை பத்தேகால். ஏரியைப் பார்த்த ஜன்னலை ஒட்டித் தலைவர் நாற்காலியில் ரோலண்ட் ஹாஸ்கல். அவனுக்கு வலப்பக்கம், காப்பிக் குடுவைக்குக் கை எட்டும் தூரத்தில் மெர்ல். கதவோரம், தொப்பியைக் கழற்றாமல், கிளேட்டன். சுவர் பெஞ்சுகளில் உறுப்பினர்கள் ஒன்பது பேர். பில்லியர்ட்ஸ் மேஜை அருகே நோரீன்; நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மேஜைமேல், விரித்த செய்தித்தாளில், ஒரு மீன்.

மீனை வருகைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். சேர்த்துவிட்டாள்.

அது அவள் பிடித்த மீன். இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால், மே மாதப் போட்டியில், கிளேட்டனின் படகிலிருந்து. பதினெட்டு பவுண்டு ஆறு அவுன்ஸ். தூண்டில் கழி வளைந்த வளைவில் நாற்பது நிமிடம் அவள் தோள் அதனோடு பேசிக்கொண்டிருந்தது. கரைக்கு வந்ததும், "இது சால்மன். பசிபிக்லேருந்து கொண்டுவந்து விட்ட சால்மன் இல்ல, இந்த ஏரியோட பழைய அட்லாண்டிக் சால்மன்" என்றாள். அந்தப் பழைய இனத்தைக் கண்ணால் பார்த்தவர்களே அந்தப் படகுத்துறையில் நாலைந்து பேர்தான். எடை போடும் பொறுப்பில் தராசருகே நின்றிருந்த ரோலண்ட் மீனை ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பழுப்பு ட்ரவுட், அண்ணி. ஏரியிலே ரொம்ப நாள் கிடந்தா ட்ரவுட்டும் வெள்ளி மாதிரிதான் மின்னும்" என்று எடைச் சீட்டில் எழுதிவிட்டான். ட்ரவுட் சால்மனுக்குச் சொந்தக்கார மீன்; ஏரியில் எங்கும் கிடைப்பது. ரோலண்ட் அவள் கணவன் கிளேட்டனின் தம்பி. அதே கோடையில் அவன் பிடித்த பதினாலு பவுண்டு மீன், பழைய சால்மன் வரிசையில் முதல் பெயராகக் கழகப் பலகையில் ஏறியது. இன்றுவரை இறங்கவில்லை.

அவளுடைய மீன் பாடம் செய்யப்பட்டுக் கழகச் சுவருக்கு வந்தபோது அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. செத்த மீனுக்கு நிறம் தங்காது. பாடம் செய்பவர் தூரிகையால் போடுவதுதான் நிறம். அந்தக் காலத்து ஆள் எடைச் சீட்டைப் படித்தார், ட்ரவுட் என்றிருந்தது, ட்ரவுட்டாகவே தீட்டிவிட்டார். வெண்ணெய் நிற வயிறு. பக்கமெல்லாம் வெள்ளை வளையத்துக்குள் சிவப்புப் பொட்டுகள். கீழே பித்தளைத் தகட்டில் 'பழுப்பு ட்ரவுட்'. அதற்குப் பிறகு வாதாட என்ன இருக்கிறது? மீனே எதிர்சாட்சி சொல்லிக்கொண்டு சுவரில் தொங்கியது. யாராவது கெண்டை மீனைக் கொண்டுவந்தால்கூட மெர்ல், "ஆர்டிஸ்கிட்ட காட்டுப்பா, சால்மன்னு எழுதித் தருவா" என்பான். அவளும் சிரிப்பாள். கழகத்தின் செயலாளர் என்ற முறையில், ஏரிக்கரைக் கழகங்களின் கூட்டமைப்புக்கு ஆண்டுதோறும் போகும் சாதனைக் கடிதத்தில் ரோலண்டின் பெயரைத் தன் கையாலேயே எழுதி அனுப்புவாள். இருபத்திரண்டு கடிதங்கள். ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது.

இந்த ஜனவரியில் கூரையோரம் குழாய் வெடித்து, தண்ணீர் மீன்மேல் வழிந்து வால் பிளந்தது. பழுது பார்க்க நோரீனிடம் கொடுத்தார்கள். நோரீன் ஆறு வருடம் முன்பு இந்தத் துறைக்குக் குடிவந்து, கொட்டகை போட்டு மீன் பாடம் செய்பவள். ஊர்ச் சண்டை எதுவும் அவளுக்குத் தெரியாது.

"வாலை ஒட்டணும்னா பழைய பெயின்டை எடுத்தாகணும்," என்றாள் நோரீன். "எடுத்தேன். சிவப்புப் பொட்டெல்லாம் பஞ்சோட வந்துருச்சு. அடியிலே ஒரு பொட்டுக்கும் தடமே இல்ல."

"செத்து இருபத்துமூணு வருசம் ஆன மீன்ல என்னம்மா தடம் இருக்கும்?" என்றான் ரோலண்ட்.

"பொட்டு போகும். செதில் போகாதுங்க." பையிலிருந்து குண்டூசியையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து வைத்தாள். "முதுகுக் கடைசியிலே இருக்கே, முள்ளில்லாத இந்தக் குட்டித் துடுப்பு. அதோட அடியிலேருந்து சாய்வா முன்னாடி இறங்கி, உடம்போட பக்கவாட்டுல நீளமா ஓடுற கோடு வரைக்கும் செதிலை எண்ணணும். பதிமூணும் அதுக்கு மேலயும்னா ட்ரவுட். பன்னெண்டும் அதுக்குக் கீழயும்னா சால்மன். நான் எண்ணிட்டேன். ஆனா சொல்ல மாட்டேன். நீங்களே எண்ணுங்க."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எல்லோரும் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். கிளேட்டன் மட்டும் கதவோரமே இருந்தான். ஆர்டிஸ் எழுந்திருக்கவில்லை.  இது மட்டும் பதினாலு என்று வந்தால்? வாழ்நாள் முழுக்கத் தான் வீம்புக்காகப் பேசியதாக ஆகிவிடும். சந்தேகத்தை வைத்துக்கொண்டு வாழ்வது பழகிப்போயிருந்தது. இப்போது அதுவும் கையைவிட்டுப் போகப்போகிறது.

ரோலண்ட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். ஊசி நுனியால் ஒவ்வொரு செதிலையும் தொட்டுத் தொட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்க எண்ணினான். எட்டு வரைக்கும் குரல் கம்பீரமாக வந்தது. ஒன்பதில் வேகம் குறைந்தது. "பத்து... பதினொண்ணு... பன்னெண்டு." ஊசி கோட்டின்மேல் நின்றது.



"நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு," என்று மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை பதினொன்று வந்தது.

"போதும் ரோலண்ட், நிறுத்து!" என்றான் மெர்ல். "இன்னொரு தரம் எண்ணினா மீனே காணாமப் போயிரும்."

எல்லோரும் அறை அதிரச் சிரித்தார்கள். ரோலண்டின் காது மடல் சிவந்தது. "தோல் காஞ்சு சுருங்கியிருக்கும்."

"சுருங்கினா செதில் நெருங்கும். எண்ணிக்கை எப்படிங்க குறையும்?" என்றாள் நோரீன், பஞ்சை மடித்தபடி.

"அன்னைக்கு எடை போடறப்போ முப்பது பேர் நின்னாங்க. அண்ணியைத் தவிர யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தாங்களா?"

கதவோரம் நாற்காலி நகர்ந்தது. கிளேட்டன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"வலையிலேருந்து அதை நான்தான் தூக்கினேன்," என்றான். "வாலைப் பிடிச்சு. ஒத்தக் கையால. வழுக்கல."

 அங்கிருந்த அத்தனை பேரும் ஏரியிலேயே கை ஊறியவர்கள். ட்ரவுட்டின் வாலடி தடித்து நேராக இருக்கும். பிடித்தால் சோப்பு மாதிரி நழுவி ஓடும். சால்மனுக்கு வாலடி ஒடுங்கி, அதற்கப்பால் குமிழ் மாதிரி விரியும். பிடிக்குள் பூட்டுப் போட்டாற்போல நிற்கும். கிளேட்டனின் கைக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

"அப்பவே ஏன்டா சொல்லல?" என்று கேட்டது மெர்ல்.

"அன்னைக்குத்தான் தம்பி மொத மொதலா தராசுகிட்ட நின்னான். ஊர் முன்னாடி அவனைத் தப்புன்னு சொல்ல மனசு வரல. அப்புறம் சொல்லலாம்னு..." நிறுத்தினான். "அப்புறம் ஒவ்வொரு வருசமும் சொல்றது கஷ்டமாயிட்டே போச்சு."

ஆர்டிஸ் அவனைப் பார்த்தாள். இருபத்துமூன்று வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறார்கள். ஏரியிலிருந்து வரும் மீனையெல்லாம் அடுத்தடுத்து நின்று அரிந்திருக்கிறார்கள். அந்தக் கை இந்தச் செய்தியை வைத்துக்கொண்டேதான் அவளுக்கு உப்பை நகர்த்திக் கொடுத்தது. கோபம் வந்தது. அதன் பின்னாலேயே, அதைவிடப் பெரிதாக, வேறொன்று வந்தது. அவள் சொன்னது சரி. முதல் நாளிலிருந்தே சரி.

"மெதுவா சொல்லு, கிளேட்டன்," என்றாள். "எழுதணும். 'வாலைப் பிடிச்சு'... அப்புறம்?"

"ஒத்தக் கையால."

"ஒத்தக் கையால. சரி."

"வழுக்கல."

"வழுக்கல," என்று சொல்லிக்கொண்டே எழுதி, கீழே கோடு போட்டாள். "வீட்டுக்குப் போய் உன்கிட்ட தனியாப் பேச வேண்டியது இருக்கு. அது குறிப்புல வராது."

மெர்ல் மேஜையைத் தட்டினான். "பழைய சால்மன், பதினெட்டு பவுண்டு ஆறு அவுன்ஸ்! ஆர்டிஸ் ஹாஸ்கல்!" பெஞ்சுக்காரர்கள் கைதட்டினார்கள். பூட்ஸ் காலால் தரையை உதைத்தார்கள். பலகை குலுங்கி, அதன்மேல் தொங்கிய ரோலண்டின் பதினாலு பவுண்டு மீனும் ஆடியது. மெர்லுடைய கண் அதன்மேல் போய் நின்றது. "அடடே! ஊசி கையிலேதானே இருக்கு? இதையும் இறக்குங்கப்பா, எண்ணிப் பார்த்துருவோம்!"

ரோலண்ட் ஊசியை மேஜையில் வைத்தான். அது உருண்டு செய்தித்தாள் மடிப்பில் விழுந்தது. அவன் முகத்தை ஆர்டிஸ் இவ்வளவு வெறுமையாகப் பார்த்ததில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மீனை இறக்க ஏணி வந்துவிடும்.

"வேண்டாம்," என்றாள். "இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல ஒரு மீன்தான். அடுத்தது கூட்டமைப்புக் கடிதம்."

இருபத்துமூன்றாவது கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். 'அட்லாண்டிக் சால்மன்' என்ற வரிக்கு நேரே தன் பெயர், எடை, தேதி. அடுத்த வரியில் ரோலண்ட், பதினாலு பவுண்டு, இரண்டாம் இடம். கையெழுத்து வழக்கம்போல நேராக இருந்தது. பெயரின் முதலெழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. திருத்தவில்லை. சாட்சி என்ற இடத்தில் கிளேட்டன் கையெழுத்துப் போட்டான். தலைவர் என்ற இடத்துக்கு வந்தபோது ரோலண்ட் இரண்டாம் வரியை நெடுநேரம் பார்த்தான்.

"என் பேரை எடுக்கலையே, அண்ணி?"

"பேரை எடுக்க எனக்கு என்ன ஆதாரம் இருக்கு, தம்பி? நான் எண்ணலையே."

கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நகர்த்தினான்.

உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டினாள். கட்டைவிரலால் ஓரம்வரை அழுத்தினாள். தபால்தலையை நேராக வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். துறைக்குள் உடைந்த பனிக்கட்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. அதற்கப்பால் ஏரி, கரையே தெரியாத நீலம். பாதைமுனைத் தபால்பெட்டியில் கடிதத்தை வைத்து, எடுத்துப்போகக் கடிதம் இருக்கிறது என்று தபால்காரருக்குக் காட்டும் அதன் சிவப்புக் கொடியை உயர்த்தினாள். போகாமல் நின்றாள். பன்னிரண்டரைக்குத் தபால் வண்டி வந்தது. ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு, உறையை எடுத்துக்கொண்டு, கொடியை இறக்கிவிட்டது.

வண்டி திரும்பும்வரை பார்த்துவிட்டுக் கழகத்தை நோக்கித் திரும்பினாள். அறை காலியாகியிருந்தது. ஜன்னலுக்குள், பலகைக்குக் கீழே, நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தான் ரோலண்ட். மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. தன் மீனின் பக்கவாட்டில் ஒரு விரல் மெல்ல, மிக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. உதடுகள் அசைந்தன.